தவளைக்கு வாங்கிய பச்சைத் துணி

வட்டமாக வெட்ட வேண்டுமென்றால் கத்தரிக்கோலைத் திருப்பக் கூடாது, துணியைத்தான் திருப்ப வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான், அண்ணி. பொம்மைத் தவளையின் முட்டைக்கண்ணுக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள். நான் வெட்டியதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, இவளுக்குக் கை கோணல்னு அத்தை சொன்னதெல்லாம் சும்மாவா" என்றீர்கள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது மேசைமேல் விரித்து வைத்திருக்கிறீர்களே அந்தப் பச்சை ஃபெல்ட் துணி, அதில் இருக்கும் ஓட்டைகளையும் நன்றாகப் பாருங்கள். ஓரம் ஒன்றுகூடப் பிசிறவில்லை. யார் வெட்டியது என்று நீங்கள் கேட்கவே இல்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டீர்கள், தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்து, அண்ணனின் ஹெட்போனோடு என் முன்னால் வைத்தீர்கள், அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மெதுவாகப் பேசுகிறேன். அப்பா இராக்காவல் வேலைக்குப் போய்விட்டார், அம்மா அசந்து தூங்குகிறாள், ஆனால் அண்ணன் தூங்குகிறானா, புரண்டுகொண்டிருக்கிறானா என்பது உங்களுக்குத்தான் தெரியும். விடிந்ததும் அவன் கதைக்காரம்மாவுக்குப் போன் செய்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாமாவின் டைல்ஸ் கடைக்குக் கிளம்பப் போகிறான். காது போய்விட்டது என்று நம்பிக்கொண்டு போகிறான்.

அவன் காதுக்கு ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது இதுதான். ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயமும் உங்களுக்கு விளங்கும்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இந்த ஹெட்போன் வந்துவிட்டது. பிளேனர் என்று இந்த வகைக்குப் பெயர். சாதாரண ஹெட்போனுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் கூம்பு துடிக்கும். இதில் கூம்பு கிடையாது. மிட்டாய் சுற்றும் தாளைவிட மெல்லிய ஒரு படலம், காந்தங்களுக்கு நடுவில் விறைப்பாக நிற்கும். சத்தம் வரும்போது படலம் மொத்தமாக அசையும். பெரிய ஸ்டுடியோக்காரர்கள் தலையில் மாட்டிக்கொண்டு புருவத்தைச் சுருக்குவதும் இதே வகைதான். அண்ணனுடையது அதற்குத் தூரத்துச் சொந்தம். உள்ளே குணம் அதே, மேலே பிளாஸ்டிக்.

ஸ்பீக்கர் வைத்து வேலை செய்ய இந்த வீட்டில் வழி இல்லை. அப்பா தூங்குவதே பகலில்தான். டம்ளர் கீழே விழுந்தால் அம்மா டம்ளரை எடுக்கமாட்டாள், எங்களைத்தான் முறைப்பாள். அதனால் அண்ணனுக்கு உலகமே காதை மூடும் இந்த இரண்டு கிண்ணத்துக்குள்தான். கதைக்காரம்மா பேசி அனுப்பும் கதைகளில் மூச்சுச் சத்தத்தை எடுப்பான், மழையையும் பூச்சிச் சத்தத்தையும் அளவாகச் சேர்ப்பான், எல்லாவற்றையும் கலந்து திருப்பி அனுப்புவான். குழந்தைகளைத் தூங்க வைக்கும் கதைகள். பெற்றவர்கள் கட்டில் பக்கத்தில் ஓடவிட்டு நழுவிவிடுவார்கள்.

சாயங்காலம் உங்களோடு பொம்மை மூட்டையைக் கடையில் கொடுக்கக் கிளம்பும்போது ஹெட்போனை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். நீங்கள் இரண்டு பேரும் தெருமுனை திரும்புகிறவரை பொறுத்திருப்பேன். இதை மாட்டிக்கொண்டால் வீடு காணாமல் போய்விடும், அண்ணி. குக்கர் போய்விடும், வீட்டுப்பாடம் போய்விடும், அம்மாகூடப் போய்விடுவாள். அண்ணன் அன்றைக்கு முடித்த கதையைத்தான் கேட்பேன். வேறு எதையும் கேட்கமாட்டேன். என் அண்ணன் கலந்தது இருக்கும்போது ஊரார் கலந்ததை நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று ஒரு ரோஷம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கெடுத்தது இந்த ரோஷம்தான்.

ஒரே ஒரு குறை. கதைக்காரம்மா 'ச' என்று சொல்லும் இடமெல்லாம் குத்தும். "சின்னச் சிங்கம் சோம்பல் முறிச்சுது" என்று அவர் கொஞ்சலாகத்தான் சொல்வார். எனக்குக் காதில் குண்டூசி இறங்கும். இந்த ஹெட்போனின் பிறவிக் குணம் அது, உச்சத்தில் இருக்கும் கூர்மையான ஒலிகளைத் தூக்கிக் காட்டும். அண்ணனும் வேலை முடிந்ததும் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நீங்கள்கூடத் தைலம் தேய்த்துவிடுவீர்கள். வேறு ஹெட்போன் வாங்கக் கூடாதா என்று கேட்டால், "இது எவ்வளவு குத்தும்னு எனக்குத் தெரியும் எலி. அதைக் கழிச்சிட்டுத்தான் நான் கேப்பேன்" என்பான். எலி என்பது நான். கொறிக்கிற புத்தி என்று சின்ன வயதில் அவன் வைத்த பெயர்.

அண்ணனுக்காகத்தான் ஆரம்பித்தேன்.

ஹெட்போனைப் பிரித்து மேய்கிறவர்களின் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாரும் சொல்வது ஒன்றேதான். காதைச் சுற்றி உட்காரும் மெத்தை இருக்கிறதே, இயர் பேட், அதை மாற்று. படலத்துக்கு முன்னால் எதையாவது வைத்துச் சத்தத்தை அடக்கு. கிண்ணத்துக்குள் பஞ்சு வை. கேட்க வீட்டு வைத்தியம் மாதிரிதான் இருந்தது. முதல் தடவை நான் செய்தது, இயர் பேடைக் கழற்றி, உள்ளே இருக்கும் துளை போட்ட தகட்டின்மேல் புண்ணுக்கு ஒட்டும் பேப்பர் டேப்பில் ஒரு துண்டை ஒட்டியது மட்டும்தான். முதலுதவிப் பெட்டியில் இருந்த டேப். அதுவும் ஒருவகையில் முதலுதவிதானே.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் சோம்பல் முறித்துக்கொண்டே வந்து, "இன்னிக்குத் தலைவலியே இல்ல எலி. என்னன்னே தெரியல" என்றான்.

அதை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதோடு நிறுத்தியிருப்பேன். அவன் பங்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

அடுத்துத்தான் உங்கள் பச்சைத் துணி. தவளைகளுக்காக வாங்கி வைத்திருந்தீர்கள், தவளைகளுக்கு ஆர்டர் வரவில்லை, துணி பெட்டியில் சும்மா கிடந்தது. கேட்டு எடுத்திருக்கலாம். கேட்டால் எதற்கு என்பீர்கள். சொன்னால் அண்ணன் காதுக்குப் போகும். அவன் சாமானை யாராவது தொட்டால் வீட்டை ரெண்டாக்கிவிடுவான். எல்லார் நிம்மதியையும் நினைத்து நான் கேட்கவில்லை. வட்டமாக வெட்டி டேப்பின்மேல் வைத்தேன். ஃபெல்ட் துணி, டேப்பைவிட எவ்வளவோ மேல். டேப் சத்தத்தைத் தடுக்கும், ஃபெல்ட் சத்தத்தைச் சமாதானப்படுத்தும்.

கிண்ணத்துக்குள் வைக்கப் பஞ்சு வேண்டியிருந்தது. கடைப் பஞ்சு கட்டி தட்டிவிடும். உங்கள் பொம்மை யானைகளின் வயிற்றில் இருக்கும் பஞ்சு அப்படி இல்லை, ஊதினால் பறக்கும். ஒரு யானையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, அடிவயிற்றுத் தையலைப் பிரித்து, வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, மறுபடி தைத்துவிட்டேன். அதன் முகத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் செய்தேன். கடைக்காரர், "என்னம்மா இது, பட்டினி கிடந்த யானை மாதிரி நிக்குது" என்று ஒன்றைத் திருப்பி அனுப்பினாரே, அது அந்த யானைதான். நீங்கள் உங்கள் கையை நொந்துகொண்டீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

இயர் பேட்தான் பெரிய வேலை. பழையது சப்பையாகிவிட்டது. காதுக்கும் அதற்கும் நடுவில் இடுக்கு விழுந்தால், அடியில் இருக்கும் கனமான சத்தமெல்லாம் அந்த வழியாகக் கசிந்துவிடும். புதிது வாங்கி மாட்டினால் அண்ணன் பார்த்த உடனே கண்டுபிடிப்பான். அதனால் பழையதன் தோலை மட்டும் பதமாக உரித்து எடுத்தேன். உள்ளே இருந்த சொத்தை ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டேன். அப்பாவின் கழுத்துத் தலையணையில் இருந்து ஃபோம் வெட்டி உள்ளே வைத்து, அதே தோலைப் போர்த்தி, வெளியே நூல் தெரியாத உங்கள் தையலைப் போட்டேன். முகம் பழைய முகம், உள்ளே ஆள் வேறு. நான் தைத்ததிலேயே அதுதான் நல்ல தையல். உங்களிடம் காட்ட முடியவில்லையே என்று ரொம்ப வருத்தமாக இருந்தது. அப்பா கொஞ்ச நாளாகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்குக் காரணம் வயசு இல்லை, அண்ணி.

இனிமேல்தான் கொஞ்சம் சிக்கல். நிதானமாகச் சொல்கிறேன்.

ஹெட்போன் மந்தமானால் அண்ணனுக்கு எப்படித் தெரியும்? தான் கலந்த கதைதான் மந்தமாக இருக்கிறது என்று நினைப்பான். கூர்மையைக் கொஞ்சம் ஏற்றுவான். சாயங்காலம் நான் வந்து அவன் ஏற்றியதைக் கேட்பேன். குத்தும். அடடா, இன்னும் அடங்கவில்லையே என்று ஒரு பச்சை வட்டம் வைப்பேன். மறுநாள் அவனுக்கு இன்னும் மந்தம். இன்னும் ஏற்றுவான். எனக்கு இன்னும் குத்தும். இன்னொரு வட்டம். எதிர்ப்பக்கம் யார் என்றே தெரியாமல் இரண்டு பேரும் ஒரே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தோம். வேறு யாராவது பாடிய ஒரு பாட்டை, ஒரே ஒரு பாட்டை, நான் அதில் கேட்டிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். சொன்னேனே, ரோஷம்.

கதைக்காரம்மா போன் செய்த அன்று நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். அவர் கோபப்படுகிறவர் இல்லை. அண்ணன் போனை மேசையில் வைத்துப் பேசினான், நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன்.

"தம்பி, போன தடவை ஆமைக் கதை அனுப்பிச்சீங்களே, அதைப் பத்தி ஒரு அம்மா எங்கிட்டப் பேசுனாங்க."

"சொல்லுங்கம்மா."

"அவங்க குழந்தை ஏற்கெனவே தூங்கிட்டு இருந்துச்சாம். நான் 'சலசலன்னு ஓடை ஓடுச்சு'ன்னு சொல்லவும் முழிச்சுக்கிட்டு வீல்னு கத்துச்சாம். அப்புறம் அந்தத் தெருவுலயே யாரும் தூங்கலையாம்."

அண்ணன் ஆமைக் கதையைக் கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்தான்.

"என் பல்செட்டு மேல சந்தேகப்பட்டு அதைக்கூட டாக்டர்கிட்டக் காமிச்சிட்டேன். பல்செட்டு சமத்தா இருக்காம். நீங்க ஒருவாட்டி கேட்டுப் பாருங்க தம்பி. இது தாலாட்டா, தகரத்துல ஆணி இழுக்குறதா."

"எனக்கு மந்தமாத்தாம்மா கேக்குது," என்றான் அண்ணன். சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறிவிட்டது. தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டான் போல.

போனை வைத்தவுடன் அவன் பழைய பாட்டுகளைப் போட்டான். வருஷக்கணக்காகக் கேட்டு ஒவ்வொரு தாளமும் மனப்பாடமாக இருக்கும் பாட்டுகள். ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்தது, அதையும் நிறுத்திவிட்டு அடுத்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, அவனே என் முடியை ஒதுக்கி ஹெட்போனை என் தலையில் மாட்டினான்.

"எல்லாம் போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு எலி. உனக்கு எப்படி இருக்கு? உண்மையச் சொல்லு."

அன்றைக்குத்தான் முதன்முறையாக ஊரார் கலந்த ஒன்றை அதில் கேட்டேன். போர்வை என்று அவன் சொன்னது குறைச்சல். மெத்தைக்கு அடியில், அதற்கும் மேல் ஒரு யானை உட்கார்ந்திருக்க, யாரோ பாடினார்கள். கயிற்றின் எதிர்ப்பக்கம் யார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அவன் ஏற்றியது ஏன், நான் அடைத்தது எதை, குழந்தை கத்தியது எதனால் என்று எல்லாம் வரிசையாக விளங்கியது.

"நல்லாத்தானேண்ணா இருக்கு," என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவன் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

காது டாக்டரிடம் என்னைத்தான் கூட்டிப்போனான். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். ரகசியம் காப்பதில் நான் கெட்டிக்காரி என்று அவனுக்கு நம்பிக்கை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, கீச் கீச்சென்று சின்னச் சின்ன ஒலியாக விட்டார்கள். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். அண்ணன் பரீட்சைக்குப் போன பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தான். டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எறும்பு தும்முனாக்கூட உங்களுக்குக் கேக்கும் தம்பி. எதுக்கு வந்தீங்க?"

"அப்புறம் ஏன் சார் என் வேலை மட்டும் எனக்குக் கேக்க மாட்டேங்குது?"

"அது என் டிபார்ட்மெண்ட் இல்லையே. கொஞ்ச நாள் ஓய்வெடுத்துப் பாருங்க."

அங்கேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் டாக்டர் நல்ல செய்தி சொன்ன இடத்தில் நான் கெட்ட செய்தி சொல்வது நன்றாக இருக்காது என்று பட்டது. வரும் வழியில் அண்ணன் எனக்கு ஜூஸ் வாங்கித் தந்தான். தனக்கு வேண்டாம் என்றான். "காது நல்லா இருக்குன்னா கோளாறு இன்னும் உள்ள எங்கயோ இருக்கு" என்று பஸ் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொல்லி நானும் வற்புறுத்தினேன். அவன் ஓய்வெடுத்தால் ஹெட்போன் பகலிலும் ஆணியில் தொங்கும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

இப்போது தாடி அண்ணா விஷயம். இதைச் சொல்வதற்குத்தான் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

அண்ணனோடு படித்தவர், அவரும் ஒலி சேர்க்கும் வேலைதான், தாடியைத் தடவாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னது என்னவோ நூற்றுக்கு நூறு சரி. "டேய், காதைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி சாமானைச் சந்தேகப்படுடா. இந்தா, என்னோடதைப் போட்டுக் கேளு. வித்தியாசம் இருந்தா உன் ஹெட்போன் அவுட்டு. இல்லன்னா நீ அவுட்டு."

தன் ஹெட்போனை மேசையில் வைத்தார். இவ்வளவு நல்ல யோசனை சொன்ன ஒருவரை அதுவரை எனக்குப் பிடிக்காமல் போனதே இல்லை. முதலில் டீ குடித்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள். டீக்கடைக்குப் போனால் உலகத்தில் இருக்கும் எல்லாரையும் திட்டி முடிக்காமல் திரும்பமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அவருடையதும் பிளேனர்தான், இன்னும் கொஞ்சம் நெருங்கிய சொந்தம். இயர் பேட் ஒரு திருகில் கழன்று வந்தது. என் வட்டங்கள் அச்சு அசலாகப் பொருந்தின. அளவுகூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்டும்போது கை கோணவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்றால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதானே நியாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்துக்கு ஒரு வட்டம் போதவில்லை என்று பட்டது. சமமாக இருக்கட்டும் என்று மீதியைப் பேப்பர் டேப்பில் ஈடுகட்டினேன்.

அவர்கள் வந்தார்கள். அண்ணன் மாட்டிக் கேட்டான். கழற்றினான். "அதே போர்வைதாண்டா" என்றான்.

"குடு இங்க" என்று தாடி அண்ணா வாங்கி மாட்டினார். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். தாடியைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. எனக்குச் சளி புடிச்சிருக்கு. அதான்."

"உனக்கும் அப்படித்தான் கேக்குதா?"

"சளிடா."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவராகவே, "வயசாவுதோ மச்சான்" என்றார். முப்பதுகூட முடியாத இரண்டு ஆண்பிள்ளைகள் அந்தச் சின்ன அறையில் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நான் பிஸ்கட் கொண்டுபோய் வைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் "டாக்டரைப் பாத்தாச்சு" என்று மட்டும்தான் அண்ணன் சொன்னான், டாக்டர் என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது, "டைல்ஸ் வெட்டுற மிஷின் பக்கத்துல நிக்கிறவனுக்குக் காது இல்லன்னா அதுவே புண்ணியம்" என்று அவன் சிரிக்க, நீங்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனீர்கள். மாமாவுக்குத்தான் வாயெல்லாம் பல். "நான் அப்பவே சொன்னேன்ல, சத்தத்தை வெச்சு எவனாவது சோறு திம்பானா" என்று போனிலேயே கொண்டாடினார்.

நேற்று சாயங்காலம் அண்ணன் ஹெட்போனை ஆணியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினான். "இந்தா எலி. இனிமே இது உனக்குத்தான். பத்திரமா வெச்சுக்கோ" என்றான். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை சொன்னால் மனசை மாற்றிக்கொள்வானோ என்று பயமாக இருந்தது.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள், அண்ணி. இதோ பேசிக்கொண்டே பிரித்துக்கொண்டுதானே இருக்கிறேன். இடது பக்கத் தையல் முழுக்க வந்துவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கி. நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். சமையலறையில் விளக்குப் போடாமல் அண்ணன் நின்றிருந்தான். வலது காதுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெல்லத் தேய்த்தான். தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு இடது காது. பிறகு மறுபடியும் வலது. அந்த விரல் உரசுகிற சத்தம் கதவுப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. அவனுக்குக் கேட்காமல் இருக்குமா? ஆனாலும் தேய்த்துக்கொண்டே இருந்தான். கேட்பது நிஜமாகக் கேட்கிறதா, கேட்கிற மாதிரி நினைத்துக்கொள்கிறோமா என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அண்ணி. ஒரு மனுஷனுக்கு அந்தச் சந்தேகத்தைத் தைத்துக் கொடுத்தது நான். நூல்கூட வெளியே தெரியவில்லை.

தண்ணீர் குடிக்காமலே வந்து படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. கடைசியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆமைக் கதையைப் போட்டேன். அதற்கப்புறம்தான் தூங்கினேன். அவ்வளவு இதமாக இருந்தது. சலசலன்னு ஓடை ஓடும் இடத்தில்கூட ஒரு முள் இல்லை. அவன் உச்சத்துக்கு ஏற்றியதும் நான் அடிவரை அடைத்ததும் சேர்ந்து, அந்த ஒரு கதை அந்த ஒரு ஹெட்போனில் மட்டும் தேனாக இருக்கிறது. உலகத்தில் வேறு எங்கே கேட்டாலும் அது தகரம்தான். எனக்கு மட்டும் தேன்.

இதுதான் நடந்தது. ஹெட்போனைக் கெடுத்தது நான். யானையைப் பட்டினி போட்டது நான். அப்பாவின் கழுத்தும் என் வேலைதான். அண்ணன் கேட்டபோது தெரிந்தே நல்லாத்தானே இருக்கு என்றவள் நான். தாடி அண்ணாவின் காதையும் நான்தான் எடுத்தேன்.

இதோ வட்டங்கள். டேப்பையும் உரித்துவிட்டேன். பஞ்சை யானைக்கே வைத்துவிடலாம், அழுக்குப் படவில்லை. ஒவ்வொரு வட்டமாக எடுத்து அதனதன் ஓட்டையில் வைத்துப் பார்க்கிறீர்களே, எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது பாருங்கள். துணியைத் திருப்பி வெட்டினால் அப்படித்தான்.

"நாலு ஓட்டை காலியா இருக்கு," என்கிறீர்கள். இவ்வளவு நேரத்தில் நீங்கள் பேசிய முதல் பேச்சு.

அதில் இரண்டு தாடி அண்ணா வீட்டில் இருக்கின்றன. காலையில் அதே டாக்டரிடம் போகிறாராம். நேரத்தோடு போன் செய்தால் கிளம்புவதற்குள் பிடித்துவிடலாம்.

எழுந்துவிட்டீர்களா? அண்ணனை எழுப்புங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் வீட்டை ரெண்டாக்கினாலும் பரவாயில்லை, அப்பாதான் தூக்கத்தில் இல்லையே. நீங்களே சொல்லிவிடுங்கள். தன் காதையே நம்பாதவன் எலியையா நம்பப் போகிறான். ஹெட்போனை அவன் தலையில் மாட்டி, சின்னச் சிங்கம் சோம்பல் முறிக்கும் இடத்தைப் போடுங்கள், போதும். குத்தும். குத்தினால் அழுதுவிடுவான். சந்தோஷத்தில்தான். டைல்ஸ் கடைக்கு மாமாவே நின்றுகொள்ளட்டும்.

மற்ற இரண்டு எங்கே என்று இன்னும் அங்கேயே நின்று பார்க்கிறீர்கள்.

உள்ளேதான் இருக்கின்றன, அண்ணி. தகட்டுக்குப் பின்னால், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கழற்றினால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ரொம்பச் சின்னது. அந்த இரண்டு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். அவனுக்குத் தலைவலி வருமே, அண்ணனுக்காகத்தான் சொல்கிறேன்.